கூறு யாருக்கு?

இல்ல அண்ணாச்சி, நான் போகல. அவனுக கூப்பிடட்டும், தொண்டை கிழியக் கூப்பிடட்டும். அந்தா கப்பலாளுகளை மேய்க்கிற தண்டல் கத்துதான் பாருங்க, "ஏ பேதுரு, வந்து திரும்பி நில்லுவே, மீனு காயுது"ன்னு. அவன் கத்துறது எப்படி இருக்கு தெரியுமா? இந்தா கேளுங்க. "ஏஏ பேத்த்துரூ..." மூக்கால. எருமைக்குச் சளி பிடிச்ச மாதிரி. அச்சு அசல் இல்ல? சிரிச்சுட்டீய! சிரிச்சுட்டீயல்ல, அப்பச் செத்த தள்ளி உக்காருங்க. உங்க சாம்பிராணி மூட்டை மேல இன்னொரு சாம்பிராணி உக்காந்தா என்ன கொறஞ்சா போகும்?

காத்து இல்ல. மூணு நாளா பாயி, உரிச்ச மாட்டுத் தோலு மாதிரி தொங்குது. மலாக்காவுல ஏறுனோம், நாகப்பட்டணம் எந்தத் திசையில இருக்குன்னு அந்த மாலுமிக்கே இப்பம் சந்தேகம். அதான் பயலுக தூண்டி போட்டானுக. நல்ல மீனு விழுந்திருக்கு. கூறு போட்டாச்சு. இனி ஒருத்தன் திரும்பி நிக்கணும். இந்தக் கப்பல்ல மீன்பிடிக் கரைக்காரன் நான்தான், அதான் என்னையப் போட்டுக் கூப்பிடுதானுக.

நீங்க ஏவாரி, உங்களுக்கு இது தெரியாது. எங்க கரையில வலையில விழுந்ததைக் கூறு கூறா மணல்ல வைப்போம். ஆளுக்கு ஒரு கூறு. ஒரு கூறுல சீலா மீனு பெருசா இருக்கும், ஒரு கூறுல காரப்பொடிங்கிற பொடிமீனு நாலு சேத்துக் கெடக்கும். சண்டை வரக்கூடாதுல்ல? அதுக்கு ஒருத்தன் கூறுக்கெல்லாம் முதுகைக் காட்டித் திரும்பி நிப்பான். இன்னொருத்தன் ஒரு கூறைத் தொட்டுக்கிட்டு, "இது யாருக்கு?"ன்னு கேப்பான். திரும்பி நிக்கவன் ஒரு பேரைச் சொல்லணும். சொன்னா சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது. அவன் கண்ணுதான் பாக்கலையே, பெறவு யாரை ஏச?

நீங்க கேட்டீய, "ஏம்வே, சும்மா திரும்பி நிக்கதுக்கு எதுக்கு இந்த முரண்டு?"ன்னு. சொல்லுதேன். சிரிப்புக் கதைதான். முக்காவாசி சிரிப்பு.

எனக்கு மூணு பேரு அண்ணாச்சி. எங்க அய்யா வச்சது கொம்பையா. அப்புறம் கரைக்குப் பறங்கிப் பாதிரி வந்தாரு, ஊரையே வரிசையா நிக்க வச்சுத் தலையில தண்ணிய ஊத்துனாரு. எனக்கு முன்னால நின்னவன் சூசை ஆனான், பின்னால நின்னவன் அந்தோணி ஆனான், நான் பேதுரு. ரெண்டடி தள்ளி நின்னிருந்தா நான் வேற ஆளு. மூணாவது பேரு பேத்ரோ. அது இஸ்பானியாக்காரன் வச்சது. அவன் என்னைய வெலைக்கு வாங்குனவன்.

எப்படி அடிமை ஆனேன்னு கேளுங்க. மலாக்காவுக்குத் தோணியில கூலிக்குப் போனேன். அங்க சந்தையில ஒரு பறங்கிச் சிப்பாயி, வாத்து மாதிரி நடந்து போனான். நான் சும்மா இருக்க மாட்டேனே. அவன் பின்னாலயே வாத்து மாதிரி நடந்தேன். சந்தையே சிரிச்சுது. அவன் திரும்பிப் பாத்தான், பாய்ஞ்சான், மீன்செதில்ல வழுக்கினான், மண்டை போச்சு. நான் தொடக்கூட இல்ல அண்ணாச்சி! நடந்தேன், அவ்வளவுதான். ஆனா செத்தவன் பறங்கியாச்சே. விலங்கு மாட்டி ஏலத்துல நிப்பாட்டிட்டானுக. கைமாறிக் கைமாறி, கடைசியா மொளகுத் தீவுப் பக்கம் ஒரு இஸ்பானியக் கப்பல் தலைவன், கப்பித்தான்னு சொல்லுவாவ, என்னைய வாங்குனான்.

பறங்கியில ரெண்டு கூட்டம் இருக்கு, தெரியுமா? நம்ம கரையில இருக்கவனுக்கும் இவனுக்கும் ஆகாது. பங்காளிச் சண்டை. ரெண்டு ராசாவும் உக்காந்து பேசிக் கடலுக்கு நடுவுல ஒரு கோடு கிழிச்சானுகளாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கெடைக்கதெல்லாம் எனக்கு, அந்தப் பக்கம் கெடைக்கதெல்லாம் உனக்கு. கண்ணால பாக்காத தீவுக்கெல்லாம் பங்கு! கப்பித்தான் இதைப் பெருமையாச் சொன்னான். நான் கேட்டேன், "ஏன் சாமி, கடல்ல கிழிச்ச கோடு அலை வந்தா அழிஞ்சிராதா?" பளார்னு ஒண்ணு வச்சான். அதுக்குப் பெறவு கோடு நல்லாத் தெரிஞ்சுது, கன்னத்துல அஞ்சு.

என்னைய எதுக்கு வாங்குனான்னா, காதுக்காக. எனக்கு எழுத்துன்னா எறும்பு ஊர்றதுதான். ஆனா காதுல ஒருக்க விழுந்தா வாயில வந்துரும். மலாயி நல்லா பேசுவேன். அவன் பாசையை ஆறே மாசத்துல பிடிச்சுட்டேன். பாசை மட்டுமில்ல, இருமல், ஏப்பம், நாத்தவாயைத் தொறக்கும்போது வர்ற "ப்ச்" சத்தம் வரைக்கும். தீவுக்காரனுககிட்ட பேசுறதுக்கு அவனுக்கு ஒரு துபாசி வேணும். பேத்ரோ கெடைச்சான்.

அப்படி அவன் கப்பல்ல போய்ச் சேந்ததுதான் அந்தத் தீவு. பேரு இருந்துச்சு, அந்தச் சனங்க ஒரு பேரு சொல்லித்தான் கூப்பிட்டாவ. கப்பித்தான் எறங்குன அன்னைக்கே வேற பேரு வச்சுட்டான், ஏதோ ஒரு புனிதர் பேரு. எனக்குப் பேதுருன்னு விழுந்த மாதிரிதான்.

அங்க தலைவன் பேரு கலாவன். என் வயசு. மெழுகும் ஆமை ஓடும் வாங்க வர்ற ஏவாரிககிட்ட பழகி மலாயி பேசுவான். எங்க கப்பல்ல பாதிப் பேரு பல்லு ஆடி, ஈறு வீங்கி, எந்திரிக்க மாட்டாமக் கெடந்தானுக. அவன்தான் சோறு போட்டான். அவன் பெண்டாட்டி இனாய், பானை பானையாப் பொங்குனா. நாப்பது நாளு! நான் அவன் வீட்டுலயேதான் கெடந்தேன். அந்தச் சனங்ககிட்ட ஒரு பழக்கம் அண்ணாச்சி. விருந்தாளி ஒரு கூத்து காட்டுனா, வீட்டுக்காரன் சும்மா உக்காந்து பாக்கக் கூடாது. எந்திரிச்சு அவனும் கூடச் சேந்து ஆடணும். சேரலைன்னா விருந்தாளியை அவமானப்படுத்துன மாதிரி. எனக்கு இது போதாதா? நான் கப்பித்தான் மாதிரி நடப்பேன், இந்தா இப்படி, தொப்பையை முன்னால அனுப்பிட்டு, பெறவு நாம மெதுவாப் போறது. கலாவன் எந்திரிச்சு வந்து என் பின்னால தொப்பையைத் தள்ளிக்கிட்டு நடப்பான். ஊரே உருளும்.

அவன் சிரிப்பு ஒரு தினுசு. சிரிக்கதுக்கு முன்னால ரெண்டு இருமல் இருமுவான். "க்கும், க்கும்." சிரிப்பு தொண்டையில மாட்டிக்கிட்டு வழி கேக்க மாதிரி. அதுக்கப்புறம்தான் வெளிய வரும். நான் இதை வேற யாருக்கும் செஞ்சு காட்ட மாட்டேன். உங்களுக்காகச் செஞ்சேன்.

ஆளுக தேறிட்டானுக. தேறுன ஒடனே கப்பித்தானுக்கு ராசா நெனப்பு வந்துட்டு. ஒரு நாளு காலையில தாடியெல்லாம் வாரி, இரும்புச் சட்டை மாட்டி, கொடியோட கரைக்கு வந்தான். பின்னால பாதிரி, எழுத்துக்காரன், பதினஞ்சு சிப்பாயி. என்ன செஞ்சான் தெரியுமா? வாளை உருவி ஒரு புன்னை மரத்துல மூணு வெட்டு வெட்டுனான். அந்த மரம் அவனை என்ன செஞ்சுதோ. குனிஞ்சு ஒரு பிடி புல்லைப் புடுங்கி வீசுனான். மண்ணை அள்ளித் தூத்துனான். ஓடைத் தண்ணிய ஒரு கை குடிச்சான். அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். பெறவு ஒரு ஓலைய விரிச்சு வாசிச்சான். இந்த மண்ணு இனி எங்க ராசாவுக்கு, எதிர்ப்பு உள்ளவன் யாராவது இருந்தா இப்பம் சொல்லு. இதை மூணு தடவை கேக்கணும். மூணு தடவையும் எவனும் வாயத் தொறக்கலைன்னா மண்ணு அவனுக்கு. எழுத்துக்காரன் எழுதிப்புடுவான்.

கலாவன் எங்கிட்ட கேட்டான், "என்னப்பா சொல்லுதாரு ஒங்க ஆளு?"

இதுல ஒரு வெவரம் இருக்கு. முந்தின நாளு கப்பித்தான் எங்கிட்ட சொல்லியிருந்தான். "பேத்ரோ, இந்தத் தீவு சத்தமில்லாம, சண்டையில்லாம என் கைக்கு வந்துட்டா, நீ அடிமை இல்ல. விடுதலை ஓலை எழுதித் தாறேன். சண்டைன்னு வந்தா ஒன்னைத்தான் முன்னால நிப்பாட்டுவேன்." ஆனா அதுக்காக நான் செய்யல. நீங்க அப்படி நெனைக்கக் கூடாது. எனக்குக் கப்பித்தான் வாசிச்ச அந்த ஓலையை மலாயில சொல்லச் சோம்பலா இருந்துச்சு, அவ்வளவுதான். நீளமானா நீளம். நான் கட்டியக்காரன் மாதிரி ஒரு குதி குதிச்சு, கப்பித்தானுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "இவருக்கு வயித்துல புழு. மரத்தை வெட்டினா, புல்லைப் புடுங்குனா, தண்ணி குடிச்சா சரியாயிருமாம். யாருக்காவது மாத்து வைத்தியம் தெரியுமா?"ன்னேன்.

க்கும், க்கும். கலாவன் அதை அவன் பாசையில சொல்ல, ஊரே வெடிச்சுது.

எதிர்ப்பு உண்டா? சிரிப்பு. எதிர்ப்பு உண்டா? பெருஞ்சிரிப்பு. மூணாவது தடவை கேக்கும்போது, விருந்தாளி கூத்துல சேரணும்ல, கலாவன் எந்திரிச்சு வந்தான். கப்பித்தான் வீசுன புல்லைப் பொறுக்கித் தன் தலையில வச்சுக்கிட்டு, தொப்பையை முன்னால அனுப்பிட்டு நடந்தான். கப்பித்தானுக்குக் கண்ணு கலங்கிட்டு! "பாத்தீங்களா, தலைவனே அடிபணிஞ்சு புல்லைச் சுமக்கான்"னான். எழுத்துக்காரன் எழுதுனான். பாதிரி செபம் சொன்னாரு. எல்லாருக்கும் சந்தோசம் அண்ணாச்சி. அப்படி ஒரு காலையை நான் பாத்ததில்ல. ஒரு துபாசி இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?

ஆனா என் விடுதலை ஓலையைக் கேட்டா, "இன்னும் ஒண்ணு பாக்கி"ன்னான் கப்பித்தான்.

பாக்கி என்னன்னா, பங்கு. மண்ணு ராசாவுக்குன்னா, சிப்பாயிகளுக்கு என்ன? ஆளுக்கு இத்தனை வீடு. அந்த வீட்டுச் சனங்க அவனுக்கு நெல்லு கொடுக்கணும், வேலை செய்யணும். அவன் அவனுகளுக்குச் சாமி சொல்லிக்கொடுப்பானாம். சாமி! அவனுகளுக்கே பாதிச் செபம் தெரியாது, மீதியை முணுமுணுன்னு மென்னுருவானுக, இப்படி. சரி, எந்த வீடு எவனுக்கு? ஓடைக்கரை வீடு எல்லாருக்கும் வேணும். மேட்டு வீடு எவனுக்கும் வேண்டாம். பகடை உருட்டுனானுக, பகடை கள்ளம்னு ஒருத்தன் இன்னொருத்தன் கையில கத்தியால சொருகிட்டான். ரெண்டு நாளா ஒரே அடிதடி. கப்பித்தான் மோவாயைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சாமி, எங்க கரையில மீனுக்கு ஒரு முறை இருக்கு"ன்னேன்.

சொன்னேன். திரும்பி நிக்கது, தொட்டுக் கேக்கது, பேரு சொல்லுறது, எல்லாத்தையும் சொன்னேன். கப்பித்தான் தொடையில தட்டிக்கிட்டுச் சிரிச்சான். "சாலமோன் ராசாவுக்குக்கூட இது தோணலையே!"ன்னான். அப்பவே சொல்லிட்டான், "திரும்பி நிக்கது நீதான். நாளைக்குச் சனங்க எல்லாரும் வீடு வீடாக் கரையில வந்து நிக்கணும். ஒருத்தன்கூடக் காட்டுக்குள்ள ஓடக் கூடாது. முடிஞ்ச ஒடனே ஓலை ஒன் கையில." "இது யாருக்கு?"ங்கிறதை எங்க பாசையிலயே சொல்லிக்கொடுன்னான். சொல்லிக்கொடுத்தேன். அவன் வாயில அது எப்படி வந்துச்சு தெரியுமா? "இத்து யார்ர்ருக்கு?" கல்லை மென்ன மாதிரி. நானும் சிப்பாயிகளும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் கலாவன் கேட்டான். வலை முடிஞ்சுக்கிட்டு இருந்தான். "நாளைக்கு எதுக்கு எல்லாரையும் வரச் சொல்லுதாரு?"

"கூத்து"ன்னேன்.

"நீ ஆடுவியா?"

"நான் இல்லாமயா?"

"அப்பச் சரி"ன்னான். இனாய் அன்னைக்குத் தேங்காப்பால் ஊத்திப் பலகாரம் செஞ்சா. நாளைக்குக் கூத்து பாக்கையில தின்னன்னு அதுல பாதியை இலையில மடிச்சு வச்சா.

வந்தாவ அண்ணாச்சி. ஒருத்தர் பாக்கி இல்ல. நோயாளியைத் தூக்கிக்கிட்டு வந்தாவ. கூத்துன்னு சொன்னா யாருதான் வர மாட்டா? மணல்ல பதினஞ்சு கூறா நிப்பாட்டுனானுக. நாலு நாலு வீடு ஒரு கூறு. பட்டியல்ல பதினஞ்சு சிப்பாயி பேரு. நான் கடலைப் பாத்துத் திரும்பி நின்னேன். எனக்கு முன்னால தண்ணி. பின்னால என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. பாக்கக் கூடாது, அதான் முறை.

"இத்து யார்ர்ருக்கு?"

"பெனிதோ!" ஒரு சிரிப்பு. சனங்க சிரிச்சாவ. கப்பித்தான் தமிழு பேசுறது அவியளுக்கும் வேடிக்கையாத்தான் இருந்திருக்கும்.

"இத்து யார்ர்ருக்கு?"

"ஒத்தைக்கண்ணு லோர்க்கா!"

மூணு, நாலு, அஞ்சு. போகப் போகச் சிரிப்பு கொறைஞ்சுது. பின்னால கயிறு இழுபடுற சத்தம். ஒரு பொம்பளை என்னவோ கேட்டா, பெறவு கேக்கல. ஒரு கெழவன் கத்துனான், யாரோ அவனை வாயை மூட வச்சாவ. அந்தப் பாசை எனக்குப் பாதிதான் புரியும். பாதி புரியும்.

"ஓடு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு பாக்கீய. சொல்லியிருக்கலாம். காடு பக்கம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, எட்டு வருசமா அடிமை. விடுதலை ஓலை இன்னும் கைக்கு வரல. நான் பேரு மட்டும்தான் அண்ணாச்சி சொன்னேன். எந்தக் கூறு எங்க நின்னுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

ஒரு கூறைத் தவிர.

ஒம்பதாவது. கப்பித்தான், "இத்து யார்ர்ருக்கு?"ன்னான். எனக்குப் பின்னால, "க்கும், க்கும்."

அவன் சிரிக்கப் போறான் அண்ணாச்சி. சுத்தி எல்லாரும் அடங்கிட்டாவ, அவன் மட்டும் இன்னும் கூத்துன்னே நெனைச்சுக்கிட்டு நிக்கான். நான் ஆடும்போது சேந்து ஆடணும்ல, அதுக்குத் தயாராகுதான்.

அடுத்த பேரு கோமஸ். பொல்லாதவன், நாயைக்கூட உதைச்சுத்தான் எழுப்புவான். என் நாக்கு நுனியில அவன் பேருதான் நின்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பேத்ரோ!"

சிப்பாயிக கத்துனானுக. அடிமைக்குப் பங்கா? கப்பித்தான் மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "சொன்னா சொன்னதுதான்! அவன் ஊரு முறையாச்சே!"ன்னான். கோமஸுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டை எழுதிக்கொடுத்தான். அன்னைக்கே என் ஓலையும் வந்துட்டு. இந்தா, கழுத்துல மூங்கில் குழாய்க்குள்ள தொங்குது பாருங்க. என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, ஆனா கீழ அந்தக் கீறல் கப்பித்தான் கை.

நான் அவனைக் காப்பாத்துனேன் அண்ணாச்சி. வேற எதுக்கு என் பேரைச் சொல்லப் போறேன்? கோமஸ் கையில விழாம, எங்கிட்ட விழ வச்சேன். அந்த நன்றி அவனுக்கு வேணும்ல? இல்ல. நான் அவன் வீட்டுலயேதான் இருந்தேன், முன்ன மாதிரியே. இனாய் முன்னயும் பொங்குனா, அப்பவும் பொங்குனா. முன்ன பொங்கும்போது பேசிக்கிட்டே பொங்குவா. அது ஒண்ணுதான் வித்தியாசம். ஒருநாளு நான் பாதிரி மாதிரி செபம் முணுமுணுத்துக் காட்டுனேன். நாலு வீட்டுச் சனமும் எந்திரிச்சு நின்னு, வரிசையா முணுமுணுன்னாவ. முறைப்படி கூடச் சேந்தாவ. ஒரு பல்லு வெளிய தெரியல.

பெறவு கப்பல் வேலை வந்துச்சு. எங்க கப்பல் அடியெல்லாம் புழு. புதுசா ஒண்ணு கட்டணும். மலையில மரம் வெட்டி, கயிறு கட்டி, பள்ளத்துல இழுத்து வரணும். ஒவ்வொரு பங்குக்காரனும் அவன் கூறுல இருந்து ஆளு அனுப்பணும். மத்தவன் கூறுல இருந்து ராத்திரியோட ராத்திரியா ஆளுக ஓடிப் போயிருவாவ. என் கூறு ஓடாது. கப்பித்தானுக்கு அது தெரியும். "பேத்ரோ, ஒன் ஆளுக நல்ல ஆளுக"ம்பான். நான் என்ன சொல்ல? நான் அவனுக நடுவுல புதுசா நிமிந்து நிக்கவன். ஆளு அனுப்பலைன்னா, "கருப்பன் கருப்பனுக்குத்தான் பரிஞ்சு பேசுவான்"ம்பானுக. அனுப்புனேன். முதல் முறைக்கு அனுப்புனேன், ரெண்டாம் முறைக்கும் அனுப்புனேன். மழை பிடிச்ச பெறவும் அனுப்புனேன். காய்ச்சல் வந்த பெறவு... அனுப்புனேன். நல்லவேளை, கலாவனைக் கடைசியாத்தான் அனுப்புனேன். இனாயை நான் அனுப்பவே இல்ல. அவளாப் போனா, அவன் கூட.

ஒருநாளு மலைக்கு நானே போனேன். உப்புக்கருவாடு கொண்டு போனேன், என் சொந்தக் கருவாடு. மழை விட்டு வெயில் அடிச்சுது. மரம் இழுக்கிற பாதை ஓரமா நாலு பேரைக் கிடத்தியிருந்தாவ, ஓலையால மூடி. ஒரு கால்ல மட்டும் ஓலை எட்டல. கால்ல இனாய் போடுற சோழி வளையம் கெடந்துச்சு.

கலாவன் கயிறைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சான். எலும்பு. என்னையப் பாத்தான். நான் வணக்கம் சொல்லல, பழக்கதோசத்துல தொப்பையை லேசா முன்னால தள்ளுனேன் அண்ணாச்சி. கூத்து மாதிரி. அவன் சேந்துக்கிட்டான்.

தொப்பையே இல்லாத வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு நடந்தான். முதல் ஓலைகிட்ட போனான். குனிஞ்சு தொட்டான். கப்பித்தான் குரல்ல, அந்தக் காட்டுக்குள்ள, தமிழ்ல கேட்டான்.

"இத்து யார்ர்ருக்கு?"

பெறவு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னான். கைய இடுப்புல வச்சு, ஒத்தைக் காலை வளைச்சு. நான் அப்படித்தான் நிப்பேன்னு எனக்கே அதுவரைக்கும் தெரியாது. என் குரல்ல சொன்னான்.

"பேத்ரோ!"

அச்சு அசல். நானே என் பின்னால இருந்து என்னையக் கூப்பிட்ட மாதிரி. அவனுக்கு எப்படி வந்துச்சு அது? ஒரே ஒரு நாளு கேட்டது!

ரெண்டாவது ஓலையைத் தொட்டான். "இத்து யார்ர்ருக்கு?" திரும்பினான். "பேத்ரோ!"

மூணாவது. "பேத்ரோ!"

நாலாவது ஓலை, அந்தச் சோழி வளையம். கை வச்சான். கேக்க முடியல. வாய் தொறந்துச்சு, கப்பித்தான் குரல் வரல. சும்மா திரும்பி நின்னான். நான் காத்துக்கிட்டு நின்னேன், அந்தப் பேரைச் சொல்லிருவான்னு. சொல்லவே இல்ல. "கலாவா"ன்னேன். "எலே, இந்தா கருவாடு"ன்னேன். முதுகு அசையல. வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு. கருவாட்டை வச்சுட்டு எறங்கிட்டேன். அவன் அந்த மழைக்காலத்தைத் தாண்டலைன்னு பெறவு சொன்னாவ.

கப்பல் நல்லாத்தான் வந்துச்சு. அதுலதான் நான் மொளகுத் தீவு வரைக்கும் வந்தேன், அங்கருந்து மலாக்கா. அந்தத் தீவுல நாலு வீடு இன்னைக்கும் என் பேர்லதான் இருக்கு. வீட்டுக்குள்ள ஆளு இருக்கான்னு மட்டும் கேக்காதீய.

என்ன அண்ணாச்சி, சிரிக்க மாட்டேங்கீய? இவ்வளவு நேரம் செஞ்சு காட்டியிருக்கேன். தொப்பை செஞ்சேன், "யார்ர்ருக்கு" செஞ்சேன், ஒண்ணுக்குமா சிரிப்பு வரல? எந்த ஊரு நீங்க?

அந்தா மறுபடியும் கத்துதான். "ஏஏ பேத்த்துரூ..." வரமாட்டேம்லே! நாறட்டும் மீனு!

ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. எனக்குப் பதிலா நீங்க போய் நில்லுங்க. கஷ்டமே இல்ல. கடலைப் பாத்துத் திரும்பிக்கிடணும், அவனுக கேப்பானுக, நீங்க ஒரு பேரைச் சொல்லணும், அவ்வளவுதான். என் பேரை மட்டும் சொல்லிராதீய, எனக்குப் பங்கு வேண்டாம். போங்க. பயப்படாதீய.

மீனு இருமாது.